வாகனத் திரையா, கைத்தொலைபேசியா: திருகோணமலைச் சாரதிக்கு ஏற்ற வழிகாட்டி எது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதிலிருந்து, வாகனம் வாங்கப் போகும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். "நவிகேஷன் இருக்கிறதென்று விலையைக் கூட்டிச் சொல்கிறார்கள் அண்ணா, அது தேவைதானா, போன் போதாதா?" என்று உவர்மலையில் இருக்கும் என் சித்தியின் மகன் கேட்டான். அதே வாரம், உப்புவெளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வான் ஓட்டும் ஒருவர் இதற்கு எதிர்மாறான கேள்வியோடு வந்தார். போனைக் கண்ணாடியில் ஒட்டி ஒட்டி அலுத்துவிட்டதாகவும், வாகனத்துக்குள்ளேயே ஒன்றைப் பொருத்திவிட எண்ணுவதாகவும் அவர் சொன்னார்.

இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. "வாகனத்தோடு வரும் நவிகேஷன்" என்ற ஒரே பெயரின் கீழ் நம் நாட்டில் குறைந்தது மூன்று வேறு பொருட்கள் விற்கப்படுவது அதற்கு ஒரு காரணம். ஜப்பானில் ஓடிய வாகனத்தில் ஏற்கெனவே இருக்கும் ஜப்பானிய செட் ஒன்று. புதிய வாகனத்தில் தயாரிப்பாளரே இந்தச் சந்தைக்கெனப் பொருத்திய திரை இன்னொன்று. பின்னர் கடையில் மாட்டும் அன்ட்ராய்ட் பிளேயர் மூன்றாவது. இந்த மூன்றையும் கைத்தொலைபேசிச் செயலியோடு நிறுத்தி ஒப்பிட்டால்தான் கேள்விக்கு விடை கிடைக்கும்.

## எதை வைத்து அளப்பது

விற்பனையாளர்கள் திரையின் அங்குலத்தையும் படத்தின் தெளிவையும் முன்னால் வைப்பார்கள். வழிகாட்டி என்ற முறையில் அவை பின்னால் வர வேண்டியவை. நான் முதலில் பார்ப்பது வரைபடத்தின் வயதை.

இதற்கு நம் மாவட்டத்தை விடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, ஏ15 வீதியால் மூதூர்ப் பக்கம் போகிறவர்கள், நம் ஊரார் "பாதை" என்று அழைக்கும் இழுவைப்படகுக்காகத் துறையில் காத்துக் கிடந்தார்கள். அதற்கு முந்திய வரைபடம் ஒன்று இன்றும் உங்களைத் துறையில் கொண்டுபோய் நிறுத்தும். அல்லது கந்தளாய் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லும். கொழும்புப் பயணத்திலும் இதே கதைதான். மத்திய அதிவேக வீதியின் மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் பதிந்த வரைபடம் உள்ள திரை, தம்புள்ளையிலிருந்து இறங்கி வரும் உங்களைக் குருநாகலுக்குப் பின்னும் பழைய ஏ6 வீதியின் நெரிசலிலேயே வைத்திருக்கும். ஆகவே எந்தக் கருவியானாலும், அதன் வரைபடம் எந்த ஆண்டுக்குரியது, அதைப் புதுப்பிப்பவர் யார், அதற்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற மூன்றையும் முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, சிக்னல் இல்லாத இடத்தில் அது என்ன செய்கிறது என்பது. மூன்றாவது, போக வேண்டிய இடத்தை அதற்கு எப்படிச் சொல்வது என்பது. இது அற்பமாகத் தோன்றினாலும் அன்றாட உபயோகத்தில் மிகப் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துகிறது. நான்காவது, வீதியிலிருந்து கண்ணை எவ்வளவு நேரம் எடுக்க வைக்கிறது என்பது. ஐந்தாவது, நம் வெயிலை அது தாங்குமா என்பது. கடைசியாக, வாங்கும் நாளின் விலையோடு அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் ஆகும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## ஜப்பானிய செட்

நம் வீதிகளில் ஓடும் ரீகண்டிஷன் வாகனங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இதுதான். இதை இகழ்ந்து பேசுவது நியாயமாகாது, ஏனெனில் இந்தத் துறையில் ஜப்பானியரே முன்னோடிகள். செய்மதியின் உதவியே இல்லாமல், வாயு நிரப்பிய சுழல்மானியைக் கொண்டு வாகனம் திரும்பும் திசையைக் கணித்து, ஒளி ஊடுருவும் வரைபடத் தகட்டின் மீது இடத்தைக் காட்டிய கருவியை ஹொண்டா நிறுவனம் 1981இலேயே வெளியிட்டது. 1990இல் மஸ்டாவின் யூனோஸ் கொஸ்மோ என்ற கார் ஜி.பி.எஸ். வழிகாட்டியோடு வந்தது. ஜப்பானில் ஒரு கடையின் தொலைபேசி இலக்கத்தை அழுத்தினாலே அந்தக் கடைக்கு வழி காட்டும். 1996 முதல் வீதி நெரிசல் தகவலும் வானொலி அலை மூலமும் வீதியோரக் கருவிகள் மூலமும் வாகனத்துக்கு வந்து சேர்கிறது. சில்லுகளின் சுழற்சியையும் திரும்பும் கோணத்தையும் செட் கணக்கெடுப்பதால், நீண்ட சுரங்கத்துக்குள் செய்மதி மறைந்தாலும் அம்புக்குறி தொடர்ந்து நகரும்.

அந்தத் திறமை முழுவதும் ஜப்பானின் வரைபடத்தின் மேல் கட்டப்பட்டது. கப்பலில் இங்கே வந்து இறங்கியதும், உலகத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று செய்மதி சொன்னாலும், அங்கே வரைவதற்கு அதனிடம் ஒரு வீதியும் இல்லை. வெற்றுத் திரையில் அம்பு மிதக்கும், அல்லது ஏதோ ஒரு ஜப்பானிய நகரத்தில் உறைந்து நிற்கும். செய்மதியிலிருந்து நேரத்தை எடுத்து ஜப்பானிய நேரமாகவே காட்டும் செட்களில் மணிக்கூடு எப்போதும் மூன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடும். பலவற்றில் அதை மாற்றவும் முடியாது. வாகனத்தை இயக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பெண் குரல் பணிவாக ஏதோ சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். என் மாமியார் அதை வரவேற்பு என்று பல மாதங்கள் நம்பியிருந்தார். ஜப்பானிய அதிவேக வீதிக் கட்டணத்துக்கான அட்டை செருகப்படவில்லை என்ற முறைப்பாடுதான் அது.

"இலங்கை வரைபடம் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட செட்களுக்கு, பொதுவாக, தயாரிப்பாளர்கள் வேறு நாட்டு வரைபடத்தை வெளியிடுவதில்லை. சில செட்களின் மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். மெனு மாறினாலும் வரைபடம் ஜப்பானாகவே இருக்கும். வானொலியிலும் சிக்கல் உண்டு. ஜப்பானிய எஃப்.எம். அலைவரிசை 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது. பழைய செட்கள் 90இல் நின்றுவிடுவதால், நம் நாட்டு நிலையங்கள் பலவற்றைக் கேட்கத் தனியாக ஒரு சிறு மாற்றி பொருத்த வேண்டியிருக்கும்.

இதைவிடக் கசப்பான செலவு ஒன்று இருக்கிறது. களவைத் தடுப்பதற்காக இந்த செட்களில் பல, மின்சாரம் துண்டிக்கப்பட்டால் பூட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. வரைபடம் உள்ள எஸ்.டி. கார்டை, "ஜப்பான் மேப் நமக்கெதற்கு" என்று கழற்றி எறிந்தாலும் சில செட்கள் இயங்க மறுக்கும். என் பழைய வாகனத்தின் பற்றரி கந்தளாயில் செத்தது. புதியதைப் பொருத்தியதும் திரை ஜப்பானிய எழுத்தில் ஓர் இலக்கத்தைக் கேட்டது. அந்த இலக்கத்தை எடுத்துக் கொடுத்தவருக்கு நான் கொடுத்த பணம் நல்ல போன் ஸ்டாண்ட் ஐந்தாறு வாங்கப் போதுமானதாக இருந்தது. பாட்டும் பின்பக்கக் கமராவும் அந்தத் திரையிலேயே இருந்ததால் விட்டுவிடவும் முடியவில்லை.

ஜப்பானிய செட்டுக்கு நம் நாட்டில் மதிப்பு இருக்கிறது. பின்பக்கக் கமராவின் திரையாகவும் புளூடூத் பாட்டுப் பெட்டியாகவும் அது பல ஆண்டு உழைக்கும். நவிகேஷன் என்ற சொல்லுக்காக மட்டும் அதற்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

## புதிய வாகனத்தின் திரை

முகவர் ஊடாக இந்தச் சந்தைக்கென்று இறக்கப்படும் புதிய வாகனத்தின் நிலை வேறு. இலங்கை வரைபடம் இருக்கலாம், ஆங்கிலத்தில் பேசும், பாகங்கள் வாகனத்தோடு சேர்த்து உத்தரவாதத்துக்கு உட்பட்டிருக்கும். திரை சாரதியின் பார்வைக்கு நேராக, வெயிலிலும் வாசிக்கக்கூடிய வெளிச்சத்தோடு அமைந்திருக்கும். வெப்பத்தைத் தாங்கும்படி சோதித்துச் செய்யப்பட்டிருக்கும். மின்சார வாகனங்கள் சிலவற்றில் எஞ்சியிருக்கும் மின்னேற்றத்தைக் கணக்கிட்டு, எங்கே நிறுத்தி மீண்டும் ஏற்ற வேண்டும் என்பதையும் அந்தத் திரையே சொல்கிறது. பற்றரியின் நிலையை நேரடியாக அறியும் திரைக்கு அந்தக் கணக்கு இயல்பாக வரும்.

முகவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. வரைபடத்தின் ஆண்டு எது. புதுப்பிப்பு எத்தனை ஆண்டு இலவசம். அது முடிந்த பின் விலை எவ்வளவு. காட்சியறையிலேயே திரையில் "கிண்ணியா" என்று தேடச் செய்து, மூதூர் வரை வழி கேட்டுப் பாருங்கள். அந்தத் திரை ஆப்பிள் கார்பிளேயையோ அன்ட்ராய்ட் ஓட்டோவையோ ஏற்குமானால் இந்த ஒப்பீட்டின் பாதி அங்கேயே முடிந்துவிடும். 2014இல் அறிமுகமான இந்த இரண்டு வசதிகளும் போனில் ஓடும் வரைபடத்தை வாகனத் திரையில் காட்டுகின்றன. அறிவு போனிடமிருந்தும் கண்ணுக்கு வசதி வாகனத்திடமிருந்தும் கிடைக்கிறது. இப்படிப்பட்ட திரை இருக்கும்போது, வாகனத்துக்குள் பதிந்த தனி நவிகேஷனுக்காக அடுத்த உயர்ரக மாதிரியை வாங்குவது வீண் செலவு என்பது என் கணிப்பு.

## கைத்தொலைபேசிச் செயலி

போனுக்கு எதிராக நம் பகுதியில் அடிக்கடி கேட்கும் வாதம், "ஹபரணைக் காட்டுக்குள் சிக்னல் இல்லை, அங்கே மேப் வேலை செய்யாது" என்பது. மூன்று வேறு விடயங்கள் ஒன்றாகக் குழம்பியதால் வந்த பேச்சு அது.

நீங்கள் நிற்கும் இடம் செய்மதியிலிருந்து தெரிகிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகளில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைப் போன் கேட்டால் போதும். அது கேட்கிறதே தவிர எதையும் அனுப்புவதில்லை, டேட்டாவும் செலவாவதில்லை. 2000 மே மாதத்தில் அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே மழுக்குவதை நிறுத்திய பிறகு இந்தத் துல்லியம் எல்லோருக்கும் பொதுவாயிற்று. இன்றைய போன்கள் ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செய்மதிகளையும் சேர்த்துக் கேட்பதால், திறந்த வானத்தின் கீழ் ஐந்து மீற்றர் அளவுக்குள் இடத்தைக் காட்டுகின்றன. சிம் இல்லாத பழைய போனும் இதைச் செய்யும். வலையமைப்பின் உதவி இல்லாதபோது முதல் தடவை இடத்தைப் பிடிக்கச் சற்று அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, வரைபடம். கூகுள் மேப்ஸில் திருகோணமலை முதல் தம்புள்ளை வரையான பகுதியை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். பொதுமக்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவைக் கொண்டு இயங்கும் ஓர்கானிக் மேப்ஸ் போன்ற இலவசச் செயலிகள் முழு நாட்டையும் போனிலேயே வைத்துக்கொள்ளும். இப்படிச் செய்த பின் காட்டுக்குள் சிக்னல் போனாலும் வழி போகாது.

மூன்றாவதான வீதி நெரிசல் தகவலுக்குத்தான் டேட்டா கட்டாயம் வேண்டும். இறக்கி வைத்த வரைபடத்தில் கூகுள் மேப்ஸ் வாகன வழியைக் காட்டும். நெரிசலையும் மாற்று வழிகளையும் காட்டாது. நம் மாவட்டத்துக்குள் இந்த இழப்பு பெரிதல்ல. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பாடசாலை விடும் நேரத்து நெரிசலை நாம் செயலி இல்லாமலே அறிவோம். கடவத்தைக்கு அப்பால், கொழும்புக்குள் நுழையும்போதுதான் அந்தத் தகவல் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அங்கே சிக்னலுக்குப் பஞ்சமில்லை.

போனின் மிகப் பெரிய பலம், இடத்தைச் சொல்லும் முறையில் இருக்கிறது. நம் ஊரில் முகவரி என்பது "நிலாவெளி வீதி, பத்தாம் கட்டை தாண்டி, வேப்பமரத்தடி ஒழுங்கை" என்ற வகையைச் சேர்ந்தது. கிலோமீற்றருக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் மைலைக் கட்டையாக எண்ணும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. எந்த வரைபடத்துக்கும் அது முழுமையாகப் பிடிபடவில்லை. அதோடு ஒவ்வோர் ஊருக்கும் மூன்று மொழிகளில் பெயர், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல். ஆகவே இன்று ஹயர் கேட்பவர்களும் கல்யாண வீட்டுக்காரரும் வட்ஸ்அப்பில் லொக்கேஷனை அனுப்பிவிடுகிறார்கள். போனில் அதைத் தொட்டதும் வழி தொடங்கும்; வாகனத்தோடு வரும் செட்டில் அதே இடத்தை நுழைக்க, அகலாங்கு நெட்டாங்கு இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும், அதற்கும் செட் இடம் கொடுத்தால். வான் ஓட்டும் நண்பருக்கு இந்த ஒரு காரணமே தீர்ப்பாக அமைந்தது. கூகுள் மேப்ஸில் தமிழ்க் குரலும் இருக்கிறது. தமிழ்நாட்டு உச்சரிப்பில் பேசும் அந்தக் குரல் சிங்கள ஊர்ப் பெயர்களில் தடுமாறினாலும், ஆங்கிலம் பழகாத சாரதிக்கு அது பெரிய உதவி.

குறைகளையும் மறைக்கக்கூடாது. முதலாவது வெயில். மே முதல் செப்டெம்பர் வரை, முன்கண்ணாடியில் ஒட்டிய போன் வெயிலையும் வாங்கி, சார்ஜரின் சூட்டையும் வாங்கி, ஜி.பி.எஸ். வேலையையும் செய்யும்போது கொதித்துவிடும். முதலில் திரை மங்கும், பிறகு மின்னேற்றம் நிற்கும், கடைசியில் போனே அணைந்துவிடும். பற்றரியின் ஆயுளும் குறையும். ஏசி காற்று வரும் வாயிலில் மாட்டும் ஸ்டாண்டுக்கு மாறினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்; சாரதிக்கு வரும் குளிர்ச்சியில் கொஞ்சத்தைப் போனுக்குத் தானம் செய்ய வேண்டியதுதான்.

இரண்டாவது, கண். வழியைக் காட்டும் அதே திரையில்தான் அழைப்பும் செய்தியும் வந்து விழுகின்றன. போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது இலங்கையில் தண்டத்துக்குரிய குற்றம் என்பதால் ஸ்டாண்ட் இல்லாமல் இந்த வழியைத் தெரிவு செய்யவே கூடாது. ஸ்டாண்டில் இருந்தாலும் புறப்படும் முன் இடத்தை நுழைத்துவிட்டு, செய்தி அறிவிப்புகளை அணைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, செயலியின் அதீத புத்திசாலித்தனம். தம்பலகாமப் பக்கம் ஒரு மாலை நேரம், என் போனில் இருந்த செயலி இரண்டு நிமிடம் மிச்சம் என்று சொல்லி என்னைக் குளக்கட்டின் மேல் ஏற்றி, அங்கிருந்து வயல்வரம்பு போன்ற ஒரு தடத்தில் இறக்கிவிட்டது. எதிரே உழவு இயந்திரம். பின்பக்கமாகவே கட்டு முழுவதும் ஓட்டி வந்தேன். உலர்வலயத்தில் குளக்கட்டும் கிரவல் தடமும் வரைபடத்தில் வீதியாகத் தெரியும். அகலம் எவ்வளவு, மாரியில் அது நிற்குமா என்பதெல்லாம் தெரியாது. இரவில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே யானை கடப்பதையும் எந்தத் திரையும் முன்கூட்டிச் சொல்லாது.

மாரிகாலத்தைப் பற்றியும் ஒரு சொல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாடெங்கும் வீதிகளும் பாலங்களும் சேதமடைந்தன. அப்படிப்பட்ட நாளில் வாகனத்துக்குள் பதிந்த வரைபடம் எதுவும் நடக்காததுபோலப் பழைய வழியையே காட்டும். டேட்டாவுள்ள செயலி, மூடிய வீதியை யாராவது அறிவித்திருந்தால் காட்டும். சிக்னல் கோபுரமே செயலிழந்தால் அதுவும் பழைய வழிக்குத் திரும்பிவிடும். இரண்டையும் நம்பாமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்துவிட்டுப் புறப்படுவது மேல்.

## அன்ட்ராய்ட் பிளேயர்

டாஷ்போர்டில் பழைய செட் இருந்த இடத்தில் ஒன்பது அல்லது பத்து அங்குலத் திரையாக அமரும் இது, உண்மையில் சில்லுகளின் மேல் உட்கார்ந்த ஒரு டெப்லட். போனின் செயலிகளே இதிலும் ஓடும். வரைபடத்தையும் இறக்கி வைக்கலாம். போனின் ஹொட்ஸ்பொட்டோடு இணைத்தால் நெரிசலும் தெரியும். திரை பெரிதாக, பார்வைக்கு நேராக இருப்பதும், அழைப்புக்கு வேறு கருவி இருப்பதும் நல்ல வசதிகள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது நினைவகத்தை. ஒரு ஜிபி, இரண்டு ஜிபி ரெம் உள்ளவை கடையில் பளபளப்பாக ஓடி, மூன்றாவது மாதத்தில் வரைபடத்தை இழுத்து இழுத்துக் காட்டும்; நான்கு ஜிபிக்குக் குறைந்ததை நான் பரிந்துரைப்பதில்லை. ஜி.பி.எஸ். அன்டெனாவைச் சிலர் டாஷ்போர்டுக்கு அடியில் இரும்புச் சட்டத்தின் பின்னால் திணித்துவிடுகிறார்கள். அது முன்கண்ணாடிக்குக் கீழே வானம் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். உலோகப் பூச்சுள்ள டின்ட் ஒட்டியிருந்தால் சமிக்ஞை மேலும் குறையும். எல்லாவற்றிலும் முக்கியமானது வயரிங். வாகனத்துக்குரிய இணைப்பியைப் பயன்படுத்தாமல் மூல வயர்களை வெட்டி முடிச்சுப் போடும் கைகளிடம், குறிப்பாக ஹைபிரிட் வாகனத்தை, ஒப்படைக்காதீர்கள். ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்கள் செத்துப்போவதும், இரவில் மின்சாரத்தைக் குடித்து 12 வோல்ட் பற்றரியைக் காலையில் படுக்க வைப்பதும் இப்படிப்பட்ட வேலையின் விளைவுகள்.

## நான்கையும் ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஜப்பானிய செட் | புதிய வாகனத்தின் திரை | கைத்தொலைபேசி | அன்ட்ராய்ட் பிளேயர் |
|---|---|---|---|---|
| இலங்கை வரைபடம் | பொதுவாக இல்லை | இருக்கலாம். கேட்டு உறுதிசெய்க | உண்டு | உண்டு |
| புதுப்பிப்பு | பயனில்லை | சில ஆண்டு இலவசம், பின் கட்டணம் இருக்கலாம் | இலவசம் | இலவசம் |
| சிக்னல் இல்லாத காடு | பயனில்லை | சிறப்பு | இறக்கி வைத்தால் சிறப்பு | இறக்கி வைத்தால் சிறப்பு |
| வட்ஸ்அப் லொக்கேஷன் | ஏற்காது | கார்பிளே அல்லது அன்ட்ராய்ட் ஓட்டோ இருந்தால் எளிது | நேரடி | சற்றுச் சுற்று வழி |
| வெயில் | தாங்கும் | தாங்கும் | கவனம் தேவை | தரத்தைப் பொறுத்தது |
| மறைந்திருக்கும் செலவு | பூட்டு இலக்கம், வானொலி மாற்றி | வரைபடக் கட்டணம், உயர்ரக மாதிரியின் விலை | ஸ்டாண்ட், சார்ஜர், பற்றரித் தேய்வு | பொருத்தும் கூலி, வயரிங் திருத்தம் |

அட்டவணையில் அடங்காத ஒன்று, விற்கும் நாளில் வரும். வாகனத் திரையோடு போனை இணைத்திருந்தால் உங்கள் தொடர்பு இலக்கங்களும் போய்வந்த இடங்களும் அந்தத் திரையில் தங்கியிருக்கும். வாகனத்தைக் கைமாற்றும் முன் அவற்றை அழித்துவிடுங்கள். வாங்கும்போதும், முந்திய உரிமையாளரின் வீடு எங்கே என்று அந்தத் திரை உங்களுக்குச் சொல்லக்கூடும்.

டேட்டாச் செலவைப் பலர் பெரிதாக எண்ணுகிறார்கள். ஒரு மணி நேர வழிகாட்டலுக்குச் சில மெகாபைட் மட்டுமே செல்லும். வரைபடத்தை இறக்கி வைத்திருந்தால் அதுவும் குறையும். கொழும்பு போய்வரும் வழியில் பிள்ளைகள் பின் ஆசனத்தில் பார்க்கும் ஒரு காணொளி அதை விடப் பல மடங்கு விழுங்கும்.

## எந்த நிலைமைக்கு எது

நகரத்துக்குள்ளும் நிலாவெளி, கிண்ணியா, கந்தளாய் அளவிலும் ஓடி, ஆண்டுக்கு நான்கைந்து தடவை கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் குடும்பத்துக்கு, போனும் ஏசி வாயில் ஸ்டாண்டும் தாராளமாகப் போதும். ஹொரவப்பொத்தானையில் வவுனியாவுக்குத் திரும்பும் சந்தியைத் தவறவிடாமல் இருக்கப் பெரிய திரை அவசியமில்லை.

நாள்தோறும் பயணிகளை ஏற்றி இறக்கும் வான்காரருக்கு, தரமான அன்ட்ராய்ட் பிளேயர் செலவுக்கு ஏற்ற பொருள். ஹயர் கேட்டு அழைப்பு வரும் போனை அவர் வழிகாட்டியாக வைத்திருப்பதால், விமான நிலையத்துக்குப் போகும்போது சரியான வளைவில் அழைப்பு வந்து வரைபடத்தை மறைத்துவிடும். ஆனால் அந்தச் செலவைச் செய்யுமுன் பரீட்சித்துப் பார்க்க மலிவான வழி ஒன்று உண்டு. வீட்டு அலுமாரியில் தூங்கும் பழைய போனில் முழு நாட்டு வரைபடத்தையும் இறக்கி, சிம் இல்லாமல் வாகனத்துக்கென்றே ஒதுக்கிவிட்டு, லொக்கேஷன் வரும்போது ஹொட்ஸ்பொட் கொடுத்தால் போதும். வாகனத்தை வெயிலில் நிறுத்தும்போது அந்தப் போனைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

பார்வை குறைந்த முதியவர்களுக்கும், போனோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கும், ஒரே வாகனத்தைப் பலர் மாறி மாறி ஓட்டும் அலுவலகங்களுக்கும், இலங்கை வரைபடத்தோடு வரும் புதிய வாகனத்தின் திரையே நல்லது. யார் ஏறினாலும் அது அங்கே இருக்கும். மின்சார வாகனம் வாங்குபவர்களுக்கும் அதையே சொல்வேன்.

சுரங்கத்திலும் இடத்தைத் தவறவிடாத திறமைக்காக விலை கொடுக்க நினைப்பவர்கள், நுவரெலியா வீதியில் இறம்பொடையைத் தாண்டும்போது மட்டும் அதன் பயனைச் சில வினாடிகள் அனுபவிக்கலாம். திருகோணமலையில் நமக்கு மேலே வானம் எப்போதும் திறந்தே கிடக்கிறது.

வான்காரர் பழைய போனையே இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். சித்தியின் மகன் அதே வாகனத்தைத்தான் வாங்கினான்; இலங்கை வரைபடத்தைத் திரையில் காட்டும்படி விற்பவரைக் கேட்டு, அவர் காட்ட முடியாமல் போனதும் கூட்டிச் சொன்ன விலையைக் குறைக்கச் செய்துவிட்டான். எஸ்.டி. கார்டைக் கழற்றாதே, பற்றரி மாற்றுமுன் அந்தப் பூட்டு இலக்கத்தை எடுத்து வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். அவனுடைய டாஷ்போர்டில் இப்போது நண்பகல் பன்னிரண்டுக்கு மணிக்கூடு மூன்றரை காட்டுகிறது.